கறளே கவசமாகும்

கடலும் கடனீரேரியும் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இரும்புக்கு ஓயாப் பகையாய் விளங்குவது கறள். அலவாங்கு, மண்வெட்டி, சத்தகம், பாக்குவெட்டி ஆகிய எதனையும் மாரி காலத்திலே ஒரு கிழமை கவனியாது விட்டால், அதன்மேற் செந்நிறப் பொடி பூத்துவிடுவதைக் காண்கின்றோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தபோது, எமது வீட்டிலே பாட்டியாரின் பாக்குவெட்டி பின்தங்கிற்று. மறு ஆண்டு திரும்பிவந்து பார்த்தபோது, ஓடிழந்த அறையின் ஈரமண்ணிலே திறக்கவும் முடியாத கறட்கட்டியாய் அது கிடந்தது. எறிந்துவிட எமக்கு மனம் வரவில்லை.

இரும்பு, நீரோடும் ஒட்சிசனோடும் கூடுவதாற் பிறப்பதே கறள். உப்பு அவ்வினையை விரைவுபடுத்தும். செங்கறள் பொருக்காய் உதிர்வது. ஈரத்தை உள்ளே விடுவது. ஆகவே கீழுள்ள இரும்பும் தொடர்ந்து அரிபடுகின்றது. ஆயின் இரும்பின் ஒட்சைட்டுகளில் கரியதொன்றும் உண்டு. காந்தக்கல்லாய் இயற்கையிற் கிடைப்பது அதுவே. அது செறிவாய்ப் படிந்து எண்ணெயையும் பற்றிக்கொள்ளும். மேனாட்டுத் துப்பாக்கிக் கொல்லர் குழல்களுக்கு ஊட்டிய கருநீல மெருகின் மருமமும் இதுவே: செங்கறளை வேண்டுமென்றே மெல்லியதாய் வரவழைத்து, கொதிநீரிலிட்டுக் கருமையாக்கினர்.

இம்முறையை வீட்டுக் கருவிகளுக்கும் கையாளலாம். முதலிற் பொருளை வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்து, பழங்கறளைத் தும்பினால் தேய்த்து நீக்குக. அப்பச்சோடா கரைத்த நீரிற் கழுவிப் புளிப்பை மாற்றி, சவர்க்காரமிட்டு எண்ணெய்ப்பசை போக்கி உலர்த்துக. பின்னர் வெறுங்கை படாது, வினாகிரி தோய்த்த துணியால் மெல்லத் துடைத்து, ஈரக்காற்றுள்ள இடத்திலே தொங்கவிடுக. சீராய்ச் செந்நிறம் பூத்ததும் அரைமணி நேரம் நீரிற் கொதிக்கவிட்டால், செம்மை கருமையாய் மாறும். ஒட்டாத பொடியை மெல்லத் தேய்த்தகற்றி, நாலைந்து முறை இவ்வாறே செய்க. ஈற்றில், சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுக. கருமெருகு தனித்துக் காக்காது. அது பற்றிவைத்திருக்கும் எண்ணெயே காவல். ஆதலால் இடைக்கிடை எண்ணெய் பூசுதல் வேண்டும்.

முதன்முறை நாம் ஒரு பிழை செய்தோம். கிணற்றுநீரிற் கொதிக்கவைத்தோம், கருமைக்குப் பதில் வெண்படலம் படர்ந்தது. எமது நிலம் சுண்ணக்கல் நிலமன்றோ! கிணற்றுநீரிற் கரைந்துள்ள சுண்ணாம்பு கொதியிலே படிந்துவிட்டது. மழைநீர் பிடித்து மீண்டும் முயன்றபோதே மெருகு ஏறிற்று.

சில எச்சரிக்கைகளும் உள. கறள் நீக்கும் அவசரத்திலே கூரிய கருவியை அடுப்புத் தணலில் இடற்க. அலகின் பதம் கெடும். நாகமுலாம் பூசிய வாளிக்கு இம்முறை ஆகாது. வினாகிரி முலாமையே தின்றுவிடும். இன்னொன்றை மாணவர் கட்டாயம் மனங்கொள்ளவேண்டும்: போர் நடந்த எம் மண்ணிலே கறளேறிய இனந்தெரியாப் பொருள் எதனைக் கண்டாலும் தொடாதிருத்தல் வேண்டும். உடனே பெரியோருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க. கறளேறிய வெடிபொருளும் வெடிக்கவல்லது.

பாட்டியாரின் பாக்குவெட்டி இன்று கருநிற மேனியோடு வெற்றிலைத் தட்டத்திலே இருக்கின்றது. கறள் தின்ற குழிகள் ஆங்காங்கே தெரிகின்றன. அவற்றை நாம் மறைக்க முயலவில்லை. எனினும் அது முன்போலவே பாக்குச் சீவுகின்றது.