ஒரு வயதுக்குப் பிறகும் பவுடர் பால் வேண்டுமா?

மகளின் முதல் பிறந்தநாள் முடிந்த வாரம் தடுப்பூசிக்குப் போனபோது, "அடுத்து எந்தப் பவுடர் டப்பா வாங்கணும் டாக்டர்?" என்று கேட்டேன். "எதுவும் வேண்டாம்மா. காய்ச்சின பசும்பாலே போதும்" என்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு ஃபார்முலா தேவையில்லை, பசும்பால் கொடுக்கலாம். தாய்ப்பாலை இரண்டு வயதுக்கு மேலும் தொடரலாம்.

ஆனால் பாலும் அளவோடுதான். நாளெல்லாம் பாலையே குடித்தால் வயிறு நிரம்பிச் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும்.

இப்போது அவள் தட்டில் நெய் விட்டுக் குழைத்த பருப்பு சாதம், பாதி முட்டை. மஞ்சள் கருவைப் பிஞ்சு விரலால் நசுக்கி, தானே வாயில் வைக்கிறாள். டப்பாவுக்குப் போன காசு கீரைக்கும் முட்டைக்கும் போகிறது.

பால் ஒவ்வாத குழந்தை என்றால் மட்டும், மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.