சாப்பாட்டு நேரப் பேச்சில் பிறந்த 6,800 கிலோமீட்டர்... தெரியுமா?

ஒரு பெரிய தேசத்தை இந்தக் கடலில் தொடங்கி அந்தக் கடல் வரை சைக்கிளில் கடக்க எத்தனை பேர் கிளம்புவார்கள்? மிஞ்சிப்போனால் நாலைந்து கிறுக்கர்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1976-ஆம் ஆண்டின் ஒரே கோடையில், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ஒரு பாதையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெடல் மிதித்தார்கள், தெரியுமா? அவர்களில் சுமார் இரண்டாயிரம் பேர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுசாகப் போனவர்கள்!

இதற்கு ஏற்பாடு செய்தது அரசாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் கம்பெனியும் இல்லை. நான்கு நண்பர்கள்! கிரெக் சைப்பிள், அவர் மனைவி ஜூன். டான் பர்டன், அவர் மனைவி லிஸ். இந்த இரண்டு ஜோடிகளும் 1972-இல் அலாஸ்காவில் சைக்கிள் ஏறி, தென் அமெரிக்காவின் கடைக்கோடி வரை சுமார் 18,000 மைல் போவதென்று புறப்பட்டவர்கள். 1973 ஜனவரியில் மெக்சிகோவில் ஓர் ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அந்த ஊரின் பெயர் என்ன தெரியுமா? சாக்லெட்! நிஜமாகவே ஊர்ப் பெயர்தான். அங்கேதான் கிரெக் வாயைத் திறந்தார். "இன்னும் மூன்று வருஷத்தில் அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து 200 வருஷம் ஆகிறது. ஆளாளுக்குச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ பூங்காவுக்கு வாருங்கள் என்று துண்டுச்சீட்டு அடித்துவிட்டு, அத்தனை பேரும் சேர்ந்து நாட்டைக் கடந்தால் என்ன?" என்கிற பாணியில் ஒரு யோசனை. 'பைக்சென்டென்னியல்' என்று பெயர் சூட்டியவர் ஜூன்.

வேறு நண்பர்கள் குழுவாக இருந்தால் இது காபியோடு ஆறிப்போயிருக்கும். இவர்கள் விடவில்லை. டானுக்கு ஹெபடைடிஸ் வந்து அவரும் லிஸ்ஸும் மெக்சிகோவோடு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த நோய்தான் இந்தத் திட்டத்துக்கு யோகமாக வந்தது என்பேன்! வீட்டுக்கு வந்த இருவரும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வரைபடங்களை விரித்து, லாரி போகாத கிராமத்துச் சாலைகளாகத் தேடித் தேடிக் கோத்துப் பாதையைப் போட்டவர் லிஸ். சைப்பிள் தம்பதி 1975 பிப்ரவரியில் தென்முனையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வருஷமே நாலாயிரம் பேர் சாலையில்!

அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. பெயர் டிரான்ஸ் அமெரிக்கா தடம். பசிபிக் கரையில் ஒரிகன் மாநிலத்தில் தொடங்கி அட்லாண்டிக் பக்கம் வர்ஜீனியாவின் யார்க்டவுனில் முடிகிறது. பத்து மாநிலங்கள், ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போய், திரும்பி வந்துகொண்டிருக்கும்போது வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு! நடுவே கொலராடோவில், ராக்கி மலைத்தொடரில், ஹூசியர் கணவாய் என்றொரு இடம். உயரம் 3,500 மீட்டருக்கும் மேல். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான்! கூடாரம், சமையல் சாமான், மாற்றுத்துணி எல்லாவற்றையும் கேரியரில் கட்டிக்கொண்டு இதை ஏறுகிறார்கள்.

ஆனால் ஏறி முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், காலை ஒடித்தது ராக்கி மலை இல்லை என்பார்கள்! ராக்கியில் சாலை நீளமாக, நிதானமாகத்தான் ஏறும். மிசௌரியின் ஓசார்க் குன்றுகளும் வர்ஜீனியாவின் அப்பலாச்சியன் மலைகளும்தான் ஆளைக் கொல்லும். உயரம் கம்மி, செங்குத்து ஜாஸ்தி; இறங்கிய வேகத்தில் அடுத்தது. கென்டக்கியில் இன்னொரு வரவேற்பு, நாய்கள்! துரத்தும் நாய்க்குப் பேர்போன மாநிலம் அது. நம் ஊர்த் தெருக்களில் ராத்திரி சைக்கிள் விட்டுப் பழகியவர்களுக்கு அதிகப்படிப் பயிற்சி தேவைப்படாது.

கன்சாஸில் பெரிய மேடு கிடையாது. அதற்குப் பதில் காற்று. ஆனால் அங்கேதான் ஓர் அதிசயம்! பல சின்ன ஊர்களில் ஊர்ப் பூங்காவிலேயே கூடாரம் அடித்துக்கொள்ள விடுகிறார்கள். முன்பின் தெரியாத சைக்கிள்காரனுக்குச் சர்ச் கதவு திறக்கிறது.

வர்ஜீனியாவில் ஆஃப்டன் என்ற மலையூரில் ஜூன் கரி என்றொரு அம்மா இருந்தார். 1976-இல் மேடேறி மூச்சுவாங்கி வந்த சைக்கிள்காரர்கள் அவர் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்கள். முதலில் தண்ணீர். பிறகு, பாவம் பசிக்குமே என்று வீட்டிலேயே சுட்ட பிஸ்கட். அவ்வளவுதான், பாதை முழுக்கப் பேர் பரவி 'குக்கி லேடி' ஆகிவிட்டார்! பக்கத்து வீட்டைச் சைக்கிள்காரர்கள் தங்கவே விட்டுவிட்டார். அந்த வீட்டுச் சுவர் முழுக்க, வந்து போனவர்கள் உலகெங்கிலுமிருந்து எழுதிப்போட்ட தபால் அட்டைகளும் படங்களும். 2012-இல் அவர் காலமாகும்வரை வருவோருக்கு அந்த வீடு திறந்தே இருந்தது. நாட்டைக் கடந்த வீரர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, என் கணக்கில் அந்தப் பாதையின் முதல் நட்சத்திரம் இந்த அம்மாதான்.

இனி வருவதுதான் இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் செய்தி. பைக்சென்டென்னியல் அமைப்பு தன் அலுவலகத்தை வைத்த ஊர், மொன்டானா மாநிலத்தின் மிசூலா. அதே மிசூலாவிலிருந்து 79 வருஷம் முன்பே ஒரு கூட்டம் சைக்கிளில் கிளம்பியிருக்கிறது, தெரியுமா? 1897 ஜூன் 14. அமெரிக்க ராணுவத்தின் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்பினச் சிப்பாய்கள்! குதிரைக்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும். சைக்கிளுக்கு ஒன்றும் வேண்டாமே என்று சோதித்துப் பார்க்க நினைத்தவர் ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் வெள்ளைக்கார அதிகாரி. கூடவே ஒரு மருத்துவர், ஒரு பத்திரிகை நிருபர். போக வேண்டிய இடம் செயின்ட் லூயி நகரம், 1,900 மைல்!

வழியில் தார்ச்சாலை என்ற பேச்சே இல்லை. கியர் இல்லை. முதுகிலும் வண்டியிலும் ராணுவச் சுமை, கூடவே துப்பாக்கி. மழை பெய்தால் களிமண் சக்கரத்தை அப்பிக்கொள்ளும். நெப்ராஸ்கா மணல்மேட்டில் சக்கரமே புதையும். வேறு வழியில்லாமல் ரயில் தண்டவாளத்தின் கட்டைகள் மேலேயே கடகடவென்று ஓட்டிக்கொண்டு போனார்கள்! காரத்தன்மையுள்ள தண்ணீரைக் குடித்து உடம்புக்கு வந்து படுத்தவர்களும் உண்டு. ஆனாலும் 41-ஆவது நாள், ஜூலை 24, செயின்ட் லூயிக்குள் நுழைந்தார்கள். ஊரே திரண்டு பார்க்க வந்தது. ராணுவம் என்ன செய்தது? பேஷ் என்று சொல்லிவிட்டுத் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டது. சிப்பாய்கள் ரயிலில் திரும்பினார்கள்.

அந்தக் குழுவிலிருந்த மிங்கோ சாண்டர்ஸ் என்ற சார்ஜென்ட் கதையைக் கேட்டால் வயிறு எரியும். 1906-இல் டெக்சஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பழி இந்தப் படைப்பிரிவின் மேல் விழுந்தது. விசாரணை முறையாக நடக்கவில்லை, ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 கறுப்பினச் சிப்பாய்களை வேலையைவிட்டு நீக்கினார். ஓய்வூதியத்தை எட்டும் தறுவாயிலிருந்த சாண்டர்ஸும் அதில் ஒருவர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று ராணுவம் ஒப்புக்கொண்டது 1972-இல்!

தனியாகப் போனவர்கள் இல்லையா என்பீர்கள். உண்டு. 1884-இல் தாமஸ் ஸ்டீவன்ஸ், முன்சக்கரம் மட்டும் பிரம்மாண்டமாக நிற்கும் அந்தக்கால வண்டியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாஸ்டன் போனார். மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு வண்டிதான் அவரோடு வந்தது, தள்ளிக்கொண்டே நடந்தார்! அவரே பிறகு உலகம் சுற்றும்போது லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் கிராண்ட் டிரங்க் சாலையிலும் ஓட்டியிருக்கிறார்.

பந்தயக்காரர்களின் கதை வேறு. மற்றவர்கள் இரண்டு மூன்று மாதம் போகும் டிரான்ஸ் அமெரிக்கா தடத்தில், 2016-இல் லேல் வில்காக்ஸ் என்ற பெண் 18 நாளும் 10 நிமிடமும் எடுத்துக்கொண்டு முதலாவதாக வந்தார். ஆண்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் முதலிடம்! கடைசிக் கட்டத்தில் நடந்ததுதான் வேடிக்கை. முன்னால் போய்க்கொண்டிருந்த ஸ்டெஃபன் ஸ்ட்ரைக், கொஞ்சம் தூங்கி எழுந்தார். தூக்கக் கலக்கத்தில் வந்த வழியிலேயே திரும்பி மிதிக்கத் தொடங்கிவிட்டார்! எதிரே யார்? லேல்! சேர்ந்தே போய் முடிப்போமே என்று அவர் கேட்க, இது பந்தயமாயிற்றே என்று சொல்லிவிட்டு லேல் பறந்துவிட்டார்.

எனக்கென்னவோ ஸ்ட்ரைக் கேட்டதில் தப்பே தெரியவில்லை. இந்தப் பாதை சேர்ந்து போகிறவர்களுக்காகத்தான் போடப்பட்டது.

பைக்சென்டென்னியல் இப்போது அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன் என்ற பெயரில் மிசூலாவிலேயே இயங்குகிறது. போக ஆசையா? கிழக்கே போனால் காற்று முதுகைத் தள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்சாஸில் கோடைக் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்துதான் வீசும். அமெரிக்காவிலிருக்கும் உங்கள் பிள்ளைகளோ நண்பர்களோ இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: யார்க்டவுனில் தொடங்குவதானால் மே மாதம், ஒரிகனில் தொடங்குவதானால் ஜூன். ஒரிகனில் ஜூனுக்கு முன்னால் கிளம்பினால் அங்குள்ள மெக்கன்சி கணவாய் பனியில் மூடிக் கிடக்கும்.