இஞ்சியின் கிருமியும் ஏலத்தின் கிருமியும்

பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவை பயிராகின்றன. மலையேறினால் நெல்லியாம்பதியில் ஏலத்தோட்டங்கள். தெற்கே இடுக்கியின் ஏலமலைகளில் ஏலத்தோடு இஞ்சியும் உண்டு. இப்பயிர்கள் யாவற்றையும் தாக்கவல்ல பாக்டீரியா ஒன்றுண்டு. ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்பது அதன் பழகிய பெயர். 2014இல் அவ்வினத்தை மூன்றாகப் பிரித்தபோது, ஆசியாவில் மிகுதியாகக் காணப்படும் பிரிவு ரால்ஸ்டோனியா சூடோசொலனேசியாரம் என்ற புதுப்பெயர் பெற்றது.

வேர் வழியே நுழையும் இக்கிருமி, நீர் ஏறும் குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடுகிறது. தக்காளிச் செடி பச்சை மாறாமலேயே துவண்டு விழும். வாடிய தண்டை நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கும். அவ்விழை முழுவதும் பாக்டீரியாவே. பூஞ்சண வாடலில் இவ்விழை தோன்றாது. பள்ளியிலும் எளிதாகச் செய்து காட்டத்தக்க சோதனை இது.

ஆயினும் உழவர் கேட்கும் கேள்விக்குக் குவளைச் சோதனை விடை தருவதில்லை. தக்காளி வாடிய நிலத்தில் இஞ்சி நடலாமா? இஞ்சி அழிந்த சரிவில் ஏலம் வைக்கலாமா? கிருமியின் பெயரை மட்டும் அறிந்து இதற்கு விடை கூற இயலாது. நெல்லில் ரகங்கள் இருப்பதுபோலவே ஒரே பெயருடைய பாக்டீரியாவிலும் ரகங்கள் உண்டு. ஒன்று தாக்கும் பயிரை மற்றொன்று தீண்டாமலும் விடலாம்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை அறியப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைச் சற்று நோக்குவோம். நம் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உட்கருவினுள் அடங்கியுள்ளன. பாக்டீரியாவுக்கோ உட்கரு இல்லை, அதன் டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரே வளையமாக அமைந்துள்ளது. நம் குடலில் வாழும் ஈ. கோலையின் வளையத்தில் சுமார் 46 லட்சம் கார இணைகள் உள்ளன. நீட்டிவைத்தால் அது ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அதை அடக்கியுள்ள உயிரணுவின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். முறுக்கேறிய கயிறு தானே சுருண்டுகொள்வதுபோல் அது மடிந்து கிடக்கிறது.

வாடல் கிருமிக்கு இரண்டு வளையங்கள். தக்காளியைத் தாக்கும் ரகமொன்றின் மரபணுத் தொகுதியைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2002இல் முழுமையாகப் படித்து வெளியிட்டனர். பெரிய வளையத்தில் 37 லட்சம் இணைகள், சிறியதில் 21 லட்சம். மரபணுக்கள் ஏறத்தாழ 5,100. அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாதவற்றுள் பெரும்பாலானவை பெரிய வளையத்தில் உள்ளன. பெரும்பிளாஸ்மிட் எனப்படும் சிறிய வளையத்திலோ, நீந்த உதவும் கசையிழையின் மரபணுக்களும், செடியின் உயிரணுவுக்குள் ஊசிபோலப் புரதங்களைச் செலுத்தும் கருவியின் மரபணுக்களும் இடம்பெற்றுள்ளன. இவ்வாறு செலுத்தப்படும் புரதங்கள் ஒரு ரகத்தில் சுமார் 70 இருக்கும். எவை உள்ளன, எவை இல்லை என்பது ரகத்துக்கு ரகம் மாறும். மேலும், அக்கம்பக்கத்தில் சிதைந்த பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.யை இது தானாகவே உள்வாங்கித் தனதாக்கிக்கொள்ள வல்லது. ஈ. கோலையிலும் ரகங்களுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு. அதன் மூன்று ரகங்களை 2002இல் ஒப்பிட்டபோது, அவற்றின் புரதங்கள் அனைத்தையும் சேர்த்து எண்ணியதில் 39 சதவீதமே மூன்றுக்கும் பொதுவாயிருந்தன.

நம் பகுதிக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. வயநாட்டில் வாடிய ஏலச் செடிகளிலிருந்து எடுத்த கிருமியையும் இஞ்சிக் கிருமியையும் அங்குள்ள விஞ்ஞானிகள் ஒப்பிட்டனர். எல்லா ரகங்களுக்கும் பொதுவான சில மரபணுக்களைத் தேர்ந்து, அவற்றின் எழுத்து வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அவர்கள் கையாண்ட முறை. இரண்டும் ஒரே ரகம் என்பதே 2012இல் வெளியான முடிவு. இஞ்சியை வாட்டிய கிருமி ஏலத்தையும் வாட்ட வல்லது என்றாகிறது. ஏலத்தையே நம்பி வாழும் இடுக்கிக்கு இது சிறிய செய்தி அன்று. இஞ்சி வாடிய நிலத்தில் ஏல நாற்று வைப்பதும், அந்நிலத்து நீர் ஏலத்தோட்டத்துள் வழிய விடுவதும் தவிர்க்கத்தக்கவை. ஊர்விட்டு ஊர் செல்லும் விதை இஞ்சியையும் கண்காணித்தல் வேண்டும். வெளிப்பார்வைக்கு நன்றாயுள்ள கிழங்கினுள்ளும் கிருமி தங்கியிருக்கும்.

காய்கறிப் பயிர்களில் நிலைமை சற்று மேல். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வாடலைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா என்னும் தக்காளி வகைகளையும், சூர்யா என்னும் கத்தரியையும், உஜ்வலா என்னும் மிளகாயையும் அளித்துள்ளது. எனினும் ஓரிடத்துக் கிருமி ரகத்தைத் தாங்கும் செடி மற்றோரிடத்தில் வாடுவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் விதையைக் குறைகூறுமுன் செடியின் மாதிரியை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவதே முறை.

இஞ்சிக்கு இத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. அதன் உறவான மாங்காய் இஞ்சி இந்நோயை நன்கு எதிர்க்கிறது. ஆனால் இஞ்சி விதை கட்டுவதில்லை. ஆகவே அவ்வெதிர்ப்பைக் கலப்பினத்தின் மூலம் அதற்குக் கொண்டுவர இயலாது. மாங்காய் இஞ்சியின் எந்த மரபணுக்கள் கிருமியைத் தடுக்கின்றன என்பதைக் கண்டறியும் ஆய்வுகள் கோழிக்கோட்டில் நடந்துள்ளன.