சரித்திர நவீனமும் காட்சி வடிவமும்

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழும் முறை தெல்லிப்பழையாரும் அயலூராரும் நன்கறிந்ததொன்று. ஒருவர் ஏடு விரித்துச் செய்யுளை இசையோடு வாசிப்பர். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவர். வாசிப்பவரின் குரல் காவியத்தின் குரல். பயன் சொல்பவரின் குரலோ ஆராயும் அறிவின் குரல். ஒரு தொடருக்கு இரு பொருள் கொள்ளலாமெனின், இரண்டையும் எடுத்துக் கூறிப் பொருத்தமானது இதுவெனக் காட்டுதல் அவர் கடன். ஆகவே கேட்போர் கதையின் சுவையையும் கதை பற்றிய விசாரணையையும் ஓரிடத்திலே ஒருங்கு பெறுவர்.

சரித்திர நவீனம் என்னும் இலக்கிய வகையிலும் இவ்விரு குரல்களும் உள. அங்கு இரண்டையும் எழுப்புபவர் ஆசிரியர் ஒருவரே. பாத்திரங்களைப் பேசவிட்டுக் கதையை நடத்துபவரும் அவரே. இடையிலே நின்று, இவ்வாறு சிலர் கூறுவர், இதற்குச் சாசனச் சான்று உண்டு, இது கற்பனை என்று வாசகருக்கு உணர்த்த வல்லவரும் அவரே. அந்நவீனம் மேடைக்கோ வெண்திரைக்கோ தொலைக்காட்சிக்கோ செல்லும்பொழுது முதற்குரல் பன்மடங்கு வலிமை பெறுகின்றது. இரண்டாவது குரல் ஏறக்குறைய அவிந்துபோகின்றது. இந்த மாற்றத்தின் இயல்பு யாது, அதனால் விளைவது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மாற்றத்தைத் தெளிவுறக் காட்டும் பிறநாட்டு உதாரணம் சீனதேசத்தில் உண்டு. ஹான் அரசு தளர்ந்து, வெய், ஷூ, வூ என மூன்று இராச்சியங்களாக நாடு பிளவுண்ட காலத்தைப் பொருளாகக் கொண்டது ‘மூன்று இராச்சியங்களின் கதை’ என்னும் பெருநவீனம். கி.பி. 184இல் எழுந்த மஞ்சட்டலைப்பாகையார் கிளர்ச்சி தொடங்கி, 280இல் நாடு மீண்டும் ஒன்றுபட்டது வரையுள்ள ஏறக்குறைய நூறாண்டுச் செய்தி அதில் அடங்கும். 14ஆம் நூற்றாண்டினராகிய லுவோ குவான்சோங் என்பவரை அதன் ஆசிரியராகக் கூறுவது மரபு. இன்று பரவலாக வழங்கும் பதிப்பு 120 அத்தியாயங்களை உடையது. கதை சொல்வோர் மக்கள் கூட்டத்தின் நடுவே சொல்லி வளர்த்த கதைகள் அந்நூலுக்கு ஊற்றாயின. அடுத்து நிகழ்ந்ததை அறிய அடுத்த அத்தியாயத்தைக் கேட்குமாறு பணித்து அத்தியாயத்தை முடிக்கும் வழக்கம் அக்கதை சொல்வோர் விட்டுச்சென்ற அடையாளமாகும்.

அந்நவீனத்துக்கு முன்னரே சரித்திர நூல் இருந்தது. சென் ஷோ என்பவர் 3ஆம் நூற்றாண்டிலே மூன்று இராச்சியங்களின் வரலாற்றை எழுதினார். 429இல் பெய் சோங்சி என்பவர் அதற்கு விரிவான உரைக்குறிப்புகள் சேர்த்தார். அவர் செய்த பணி பெரிது. ஒரே நிகழ்ச்சி பற்றி மாறுபட்ட செய்திகள் கிடைத்தவிடத்து, ஒன்றை வைத்து ஏனையவற்றை மறைக்காமல், எல்லாவற்றையும் அடுக்கி வைத்தார்.

சாவ் சாவ் என்னும் தலைவனைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். கொடுங்கோலன் ஒருவனிடமிருந்து தப்பியோடிய அவன், வழியிலே லூ போஷே என்னும் நண்பரின் மனையில் ஒதுங்கினான். அங்கே கொலை நிகழ்ந்தது. எவ்வாறு நிகழ்ந்தது? பெய் சோங்சி மூன்று விடைகளைத் தருகின்றார். வீட்டிலிருந்தோர் அவன் பொருளைக் கொள்ளையிட முயன்றனர், அவன் தற்காப்பிற்காகக் கொன்றான் என்பது ஒன்று. விருந்தோம்பியவர்கள்மீது ஐயுற்று இரவிலே வாளெடுத்துக் கொன்றான் என்பது மற்றொன்று. உண்கலங்களின் ஓசையைப் படைக்கல ஓசையென மயங்கிக் கொன்று, பின் துயருற்றான் என்பது மூன்றாவது. எது உண்மை என்பது இன்றும் தீர்க்கப்படாத வழக்கு.

நவீனமோ கடுமையான வழியைத் தேர்ந்தது. விருந்துக்குப் பன்றி கொல்லக் கத்தி தீட்டும் ஒலியைத் தவறாக உணர்ந்து வீட்டாரை வெட்டிய சாவ் சாவ், மது வாங்கிக்கொண்டு திரும்பி வந்த கிழவரையும் வழியிலே கொல்கின்றான். உடன்வந்த தோழன் அதிர்ச்சியுற, உலகம் தனக்குத் தீங்கு செய்வதிலும் தான் உலகுக்குத் தீங்கு செய்வதே மேலென்று துணிந்து பேசுகின்றான். உரைக்குறிப்பிலே கவலையோடு கூறப்பட்ட கூற்று நவீனத்திலே செருக்குரையாயிற்று. சீன நாடக மேடையில் அவன் முகத்துக்குத் தீட்டப்பெறும் வெள்ளை வண்ணம் வஞ்சகத்தின் அடையாளம்.

1994இல் சீன மத்திய தொலைக்காட்சி இந்நவீனத்தை 84 பகுதிகள் கொண்ட நாடகமாக ஒளிபரப்பியது. வாங் ஃபூலின் அதன் தலைமை இயக்குநர். நவீனத்தின் கதைப்போக்கைப் பெரிதும் வழுவாது பின்பற்றிய அந்நாடகம் லூ போஷே நிகழ்ச்சியையும் நவீனம் கூறியவாறே காட்டியது. மூன்று விடைகளுள் ஒன்று கண்முன் நிகழ்ந்தது. ஏனைய இரண்டும் இருந்தனவென்ற நினைவுதானும் காண்போர்க்கு இல்லாதொழிந்தது. சாவ் சாவினுக்கு நீதி வழங்க முயன்றோரும் இலர் அல்லர். கவிஞரும் சரித்திர ஆராய்ச்சியாளருமாகிய குவோ மோரோ 1959இல் எழுதிய ‘சாய் வென்ஜி’ என்னும் நாடகம் அவனை அறிவும் ஆற்றலும் உடைய ஆட்சியாளனாகக் காட்டிற்று. 2010இல் காவ் ஷீஷீ இயக்கத்தில் 95 பகுதிகளாக வெளிவந்த புதிய தொலைக்காட்சி நாடகமும் அவனை மதிப்போடு நோக்கியது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. தீயவனாகக் காட்டினும் நல்லவனாகக் காட்டினும், காட்சி வடிவம் ஒரு விடையையே தருகின்றது. விடை மாறிற்று, விடை ஒன்றே என்னும் தன்மை மாறவில்லை.

இனித் தமிழகத்து உதாரணத்துக்கு வருவோர்க்கு முதலில் தோன்றுவது ‘பொன்னியின் செல்வன்’. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி தமது வார இதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி எழுதிய இந்நவீனம் ஐந்து பாகங்களை உடையது. சீன நவீனம் கதை சொல்வோரின் கூட்டத்திலே வளர்ந்தது போல, இது வாரந்தோறும் காத்திருந்த வாசகர் நடுவே வளர்ந்தது. இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்று’ பெரும்பாலும் ஈழத்திலே நிகழ்வதாதலின், யாழ்ப்பாணத்து வாசகர்க்கு அஃது ஒரு தனி உரிமையுணர்ச்சியைத் தருவது இயல்பே.

இந்நவீனத்தின் நடுநாயகமான நிகழ்ச்சி ஆதித்த கரிகாலனின் கொலை. அது சரித்திரத்தில் உண்மையாகவே நிகழ்ந்தது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டொன்று, இராசராசனது 2ஆம் ஆட்சியாண்டினது, பாண்டியன் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரைக் குறித்து, அவர்களுடைய சுற்றத்தாரின் நிலங்கள் பறிமுதலானமையைத் தெரிவிக்கின்றது. கல்வெட்டு கூறுவது இவ்வளவே. கொலைக்குக் காரணம் யாது, ஏவினோர் உளரோ என்பன அதில் இல்லை. உத்தமசோழன் ஆட்சிக் காலம் முழுவதும் குற்றவாளிகள் தண்டிக்கப்படாதிருந்தமையை நோக்கி, அவனுக்கும் இதிலே பங்குண்டு என ஐயுற்றார் நீலகண்ட சாஸ்திரியார். அவ்வையத்தை மறுத்து உத்தமசோழனைக் குற்றமற்றவனெனக் கொண்டார் சதாசிவ பண்டாரத்தார். இருவரும் படித்த கல்வெட்டு ஒன்றே.

கல்கி இவ்விடத்திலே கையாண்ட உத்தி போற்றத்தக்கது. கடம்பூர் மாளிகையில் ஓர் அறையிலும் அதனை அடுத்த மறைவிடங்களிலும் பலரைக் கொணர்ந்து நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோக்கத்தைக் கற்பித்தார். கொலைக்கணத்திலே விளக்கு அணைந்து இருள் சூழ்கின்றது. பின்னர்ப் பலர்மீதும் ஐயம் படர்கின்றது. பல வாய்கள் பலவாறு பேசுகின்றன. கல்லிலே எழுதப்படாததை ஏட்டிலும் தீர்ந்த முடிவாக எழுத ஆசிரியர் விரும்பவில்லை என்றே கொள்ளவேண்டும். நந்தினி என்னும் பாத்திரம் முழுவதும் அவரது கற்பனை. கல்வெட்டெதிலும் அவள் இல்லை. கற்பனையை இத்துணைத் தாராளமாக ஆண்டவர், சரித்திரம் மௌனம் சாதித்த ஓரிடத்திலே தாமும் விளக்கை அணைத்தமை அவருடைய நேர்மைக்குச் சான்றாகும்.

இந்நவீனத்தைக் காட்சியாக்கும் ஆசை பழையது. எம்.ஜி. இராமச்சந்திரன் 1950களின் இறுதியிலே இதனைப் படமாக்க முயன்று நிறைவேற்றாது விட்டார். 1999இல் சென்னையில் மாஜிக் லாந்தர் குழுவினர் இதனை மேடையேற்றினர். அம்மேடை வடிவத்தை ஆக்கிய குமரவேல், பின்னர் மணிரத்னத்தோடு சேர்ந்து திரைக்கதையும் அமைத்தார். திரைப்படத்தின் முதற்பாகம் 2022 செப்தெம்பர் 30ஆந் தேதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்பிரில் 28ஆந் தேதியும் வெளிவந்தன.

இரண்டாம் பாகத்திலே, ஆதித்தனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் துயர்மிகு காட்சியாகக் கொலை அமைக்கப்பட்டது. மரணத்தைத் தானே வேண்டி எதிர்கொள்ளும் காதலனாக இளவரசன் தோன்றுகின்றான். நாடகச் சுவை நோக்கின் அக்காட்சி உயர்ந்ததே. ஆயின் நவீனத்தில் அணைந்த விளக்கு இங்கே ஏற்றப்பட்டுவிட்டது. உடையார்குடிக் கல்வெட்டிற் பெயர் பொறித்த மூவர் பின்னணிக்குச் செல்ல, கல்வெட்டில் இல்லாத ஒருத்தி நடுவில் நிற்கின்றாள்.

இவ்விழப்புக்குக் காலக்குறுக்கமே காரணம் என்று சிலர் கருதலாம். ஐந்து பாகங்களை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் அடக்குங்கால் நுண்மைகள் விடுபடும் என்பர். அது முழு உண்மையன்று. சீனத் தொலைக்காட்சி நாடகத்துக்கு 84 பகுதிகள் வாய்த்திருந்தன. அவசரமின்றிக் கதை சொல்ல இடமிருந்தது. அங்கும் லூ போஷேயின் மனையில் ஒரு விடையே தோன்றிற்று. ஆகவே காரணம் நேரமின்மையன்று. காட்சியின் இயல்பே காரணம். எழுத்து, நிகழ்ந்திருக்கலாம் என்று கூற வல்லது. படக்கருவி, நிகழ்ந்தது என்றே கூறும். ‘அல்லது’ என்னும் சொல்லுக்கு எழுத்திலே இடமுண்டு. படத்திலே அதற்கு ஒப்பானதொன்றைக் காணல் அரிது. ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறுவதாகக் காட்டும் படங்கள் உலகில் உள. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950இல் ஆக்கிய ‘ராஷோமொன்’ அவற்றுள் தலைசிறந்தது. ஆயினும் அவ்வாறு செய்வதற்குப் படம் முழுவதையும் அந்த ஐயத்துக்கே ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது.

இதனாலே கலைஞரைக் குறைகூறல் பொருந்தாது. காட்சி தன் இயல்பின் வழி நடக்கின்றது. கல்வெட்டின் பெயரும் அறியாத பல்லாயிரவர்க்குச் சோழர் காலத்தின்மீது ஆர்வத்தை ஊட்டியதும் அக்காட்சியே. கேள்வி, காண்போர் அதனை எவ்வாறு கொள்கின்றனர் என்பதே. ஆதித்தனைக் கொன்றவர் யார் என்று வகுப்பிலே வினாவ, நந்தினி என்று ஒரு மாணாக்கன் விடையிறுப்பானாயின், அப்பிழை திரைப்படத்தினுடையதன்று. பயன் சொல்பவர் இல்லாத குறையே அது. உத்தமசோழனோ சாவ் சாவோ இன்று எழுந்து வந்து தம் பக்கத்தை உரைக்க இயலாது. இறந்தோர்க்கு நீதி செய்தல் உயிரோடிருப்போர் கடன்.

யாழ்ப்பாணத்தார்க்கு இது அயலார் சிக்கல் அன்று. 18ஆம் நூற்றாண்டிலே மயில்வாகனப் புலவர் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’, 16ஆம் நூற்றாண்டிலே ஆண்ட சங்கிலியையும், 1619இல் போர்த்துக்கேயரிடம் அரசிழந்த சங்கிலி குமாரனையும் ஒருவனாகவே மயங்கக் கூறுகின்றது. போர்த்துக்கேயர் ஆவணங்களோடு ஒப்பிட்டே பிற்கால ஆராய்ச்சியாளர் இருவரையும் பிரித்தறிந்தனர். ஒருவர்க்குக் கொடுமைக்காரன், ஒருவர்க்கு வீரன் என இருவேறு சங்கிலிகள் மக்கள் நினைவில் உலாவுவதற்கு இம்மயக்கமும் ஒரு காரணம். இத்தகைய பொருளை மேடைக்கு எடுக்குங்கால் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதற்குப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஒரு வழி காட்டினார். 1956இல் ‘சங்கிலி’ நாடகத்தை வெளியிட்ட அவர், நாடகத்தை மட்டும் தராது சரித்திர முன்னுரையையும் உடன் வழங்கினார். நாடகம் உணர்ச்சிக்கு, முன்னுரை அறிவுக்கு. வாசிப்பவரும் பயன் சொல்பவரும் ஒரு நூலினுள் மீண்டும் அருகருகே அமர்ந்தனர்.

தெல்லிப்பழையிலே 1910இல் மகாஜனக் கல்லூரியை நிறுவிய பாவலர் துரையப்பாபிள்ளை தாமே நாடகம் எழுதியவர். கல்வியும் நாடகமும் பகையல்ல என்பது இம்மண்ணின் பழைய அனுபவம். ஆதலின் மாணாக்கர் சரித்திரப் படங்களையும் தொலைக்காட்சி நாடகங்களையும் காண்பதைத் தடுத்தல் ஆசிரியர் வேலையன்று. அவற்றைக் கண்டு வந்தவனிடம் மூன்று கேள்விகளை எழுப்புதலே வேலை: இதிலே கல்வெட்டும் ஆவணமும் கூறுவது எது? நவீன ஆசிரியர் கற்பித்தது எது? காட்சியாக்கியவர் புதிதாகத் தீர்மானித்தது எது? இம்மூன்றையும் பிரித்தறியப் பழகியவன் கதையின் சுவையில் ஒரு துளியையும் இழப்பதில்லை. கடம்பூர் மாளிகையில் அந்த விளக்கை ஏன் ஓர் ஆசிரியர் அணைத்தார் என்பதையும் அவன் உணர்வான்.

புராண படனத்திலே வாசிப்பவர் ஒரு செய்யுளை முடித்ததும் சிறிது நிறுத்துவர். அந்த இடைவெளியிலேதான் பயன் சொல்பவரின் குரல் எழும். திரைக்கும் தொலைக்காட்சிக்கும் அவ்விடைவெளி இல்லை. ஒரு காட்சியை மறு காட்சி தொடர்ந்து வரும். அவ்விடைவெளியை வகுப்பறையிலும் வாசிகசாலையிலும் வீட்டுத் திண்ணையிலும் உண்டாக்குதல் கற்றோர் கையிலுள்ளது.