வறுமையைக் காட்டலாமா?

நம் வீட்டுக் கந்தலைப் பிறத்தியார் பார்க்கும்படி கொடியில் உலர்த்தலாமா? இந்தக் கேள்வி ஒரு சினிமாப் படத்தை வெகுகாலம் விடாமல் துரத்தியது. வங்காளத்தில் ஸத்யஜித் ராய் எடுத்த "பதேர் பாஞ்சாலி"தான் அந்தப் படம்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவலைத் தழுவிய கதை அது. ராய் அப்போது கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரர். அதற்கு முன் படம் எடுத்து அறியாதவர். 1952 அக்டோபரில், நாணல் பூத்துக் குலுங்கிய வெளியொன்றில் வேலையை ஆரம்பித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பூவைக் காணோம், மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. கைப்பணம் கரைந்தது, மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. முடிவில் மேற்கு வங்க சர்க்கார் பணம் கொடுத்து உதவிய பிறகே படம் பூர்த்தியாயிற்று.

1955 ஆகஸ்டு 26-ந் தேதி கல்கத்தாவில் படம் வெளிவந்தது. அதில் காதல் பாட்டு இல்லை, நடனம் இல்லை, கத்திச் சண்டையும் இல்லை. ஆரம்பத்தில் கூட்டம் சுமார்தான். பிறகு, பார்த்தவர் சொல்லப் பாராதவர் வந்து, கொட்டகை நிரம்பலாயிற்று. ஆனால் அந்தக் கொட்டகையோ ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாஸனின் "இன்ஸானியத்" படத்துக்காக முன்னமே பேசப்பட்டிருந்தது. ஆகவே ராயின் படம் இடம்விட நேர்ந்தது. அதைப் பார்த்த வாஸன், ராயின் வீடு தேடிச் சென்று, முன்பே தெரிந்திருந்தால் தம் படத்தைத் தள்ளி வைத்திருப்பதாகக் கூறிப் பாராட்டினார். படத் தொழிலில் போட்டியாளர் வாயிலிருந்து வரும் புகழுக்கு மாற்று அதிகம் அல்லவா?

ஜனங்களுக்கு எளிதில் விளங்கியது மற்றவர்களுக்கு அவ்வளவு எளிதில் விளங்கவில்லை. பிரான்ஸில் கான் நகரத்துப் பட விழாவுக்கு இதை அனுப்பக் கூடாது, தேசத்தின் வறுமை வெளிப்பட்டுவிடும் என்று அதிகாரிகள் சிலர் தயங்கினார்கள். பண்டித நேரு அனுப்பச் சொன்னார். 1956-ல் அங்கே, மனித வாழ்வைச் சித்திரித்த சிறந்த படம் என்று பரிசு கிடைத்தது. 1958-ல் நியூயார்க்கின் பிரபல விமரிசகர் ஒருவர், ஹாலிவுட்டில் இது வெட்டி ஒட்டாத அரைகுறைப் படமாகவே கருதப்படும் என்று எழுதினார். அந்த ஊரிலேயே ஒரு கொட்டகையில் படம் எட்டு மாதத்துக்கு மேல் ஓடியது! 1980-ல், ராஜ்ய சபை அங்கத்தினராயிருந்த நடிகை நர்கீஸ், ராய் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று குறை கூறினார். "மதர் இந்தியா"வில் ஏழைத் தாயாக நடித்துப் புகழ் பெற்றவர் அவர்!

உண்மையில் அந்தப் படம் காட்டுவது என்ன? துர்கா என்ற ஏழைப் பெண் ஒரு மாலையைத் திருடிவிட்டதாக அடுத்த வீட்டார் தூற்றுகிறார்கள். அவள் இல்லை என்கிறாள். பின்னர் மழையில் நனைந்து, ஜுரம் கண்டு இறந்து போகிறாள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும் சமயம், தம்பி அபுவின் கையில் அந்த மாலை அகப்படுகிறது. அவன் யாரிடமும் சொல்வதில்லை. குளத்தில் எறிந்துவிடுகிறான். பாசி விலகி, மாலையை விழுங்கி, மறுபடி மூடிக்கொள்கிறது.

இறந்த அக்காளின் மானத்தைக் காக்கும் அந்தச் சிறுவனை உலகத்துக்குக் காட்டியதில் பாரத நாட்டுக்கு என்ன தலைகுனிவு? வறுமையைக் கண்டு வெட்கப்பட வேண்டியதுதான். அதைப் போக்காமலிருப்பதற்காக வெட்கப்பட வேண்டும். கண்ணாடியைத் திருப்பி வைத்தால் முகத்திலுள்ள அழுக்கு போய்விடுமா? கல்கத்தாவில் டிக்கெட் வாங்கிக் கண்ணீர் விட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது.