பல்லாவரம் மண்ணுக்குள் கால் முளைத்த பேழை!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். வெள்ளிக்கிழமைச் சந்தைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே கண்டெடுத்த கற்கோடரியைச் சொல்வார்கள். இதே மண் ஒரு சிற்பியின் கைவேலையையும் ஒளித்து வைத்திருந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1880-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் தோண்டியபோது கிடைத்தது, சுட்ட மண்ணால் செய்த நீளமான தொட்டி. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். ஏதோ பிராணி படுத்திருப்பது போலத் தோன்றும். உண்மையில் அது ஈமப்பேழை. 2,000 ஆண்டுகளுக்கும் முன்னால், இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைக்கச் செய்தது. செங்கல்பட்டுப் பக்கம் சாணூரிலும் இப்படிப்பட்ட பேழைகள் கிடைத்திருக்கின்றன. ஆந்திராவின் கடப்பா மாவட்டம் சங்கவரத்துக் கலைஞர் ஒரு படி மேலே போய், பேழைக்கு விலங்கின் தலையையே வைத்துவிட்டார்!

ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழியை நமக்குத் தெரியும். தாழி, பானைக்கு அண்ணன். பேழை அப்படியல்ல. நீளமான தொட்டியைச் சக்கரத்தில் சுற்றி எடுக்க முடியாது. கையால்தான் கட்டி எழுப்ப வேண்டும். ஈரமண் தன் கனத்திலேயே சரியும். கீழே இருப்பது சற்று இறுகிய பிறகே மேலே மண் வைக்கலாம். அதற்காக முழுக்கக் காயவிட்டால், புது மண் ஒட்டாது. பிறகு நெருப்பு. தடித்த மண்ணுக்குள் ஈரம் தங்கினால், சூட்டில் நீராவியாகி வெடித்துவிடும். பல நாள் உழைப்பு ஒரே இரவில் ஓட்டாஞ்சில்லு. துக்க வீட்டில் காத்திருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இந்தச் சிக்கலோடு இன்றும் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்குக் குதிரை செய்யும் வேளார்கள். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதிப்பார்கள். முதலில் கால்கள், உள்ளே வெற்றிடமாக, குழாய் போல. அவை உடம்பைத் தாங்கும் அளவு இறுகியதும் வயிறு, அப்புறம் கழுத்து, தலை. நன்றாகக் காய்ந்த பிறகே வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கித் தீ மூட்டுவார்கள்.

பல்லாவரத்துக்கு வேறு தலைவலி. ஜமீன் பல்லாவரத்தில் ஈமச்சின்னங்கள் உள்ள பகுதி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இத்தகைய இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கியே கட்ட வேண்டும். மாடியில் ஓர் அறை எடுக்க நினைக்கும் குடும்பத்துக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால், ஒரு அஸ்திவாரக் குழி போதும், அந்தப் பேழைகள் தூள்தூளாக.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஈமப்பேழைகளைப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் கொஞ்சம் குனிந்து, காலும் உடம்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். வெடித்திருக்க வேண்டிய இடம் அதுதான்.