ரப்பர்த் தாளும் காணொலித் திரையும்

பேராக் மாநிலத்தில் ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் பழைய சாலையில் அமைந்த செமோர், ரப்பர்த் தோட்டங்களால் நெடுங்காலம் அறியப்பட்ட வட்டாரமாகும். மலாயாத் தோட்டங்களில் சீவியெடுத்த பால் உறைந்து, தாளாக அழுத்தப்பட்டு, புகைக்கூடத்தில் காய்ந்தபின், ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழும் தூசியும் பூசணமும் உண்டா என்று கண்ணாலேயே தரம் பிரிப்பது வழக்கமாக இருந்தது. தரம் பிரிப்பவரின் கண் இங்கும் வாங்குபவரின் கண் கடலுக்கு அப்பாலும் இருந்தமையால், கண்மதிப்பை மட்டும் நம்பிய இம்முறை போதாதென உணரப்பட்டு, மாசு, சாம்பல், நைட்ரஜன் முதலியவற்றை ஆய்வகத்தில் அளந்து சான்றளிக்கும் 'எஸ்.எம்.ஆர்.' என்னும் தரமுறை 1965-இல் மலேசியாவில் அறிமுகமாயிற்று. காணொலிச் சந்திப்பு வழியாகச் சிறுதொழிலர் அயல்நாட்டு வணிகத்தில் இறங்கும் இந்நாளில், கண்ணுக்கும் அளவைக்கும் இடையிலான அந்தப் பழைய வேறுபாடு மீண்டும் முன்னுக்கு வந்துள்ளது.

1993-இல் நிறுவப்பட்ட மெட்ரேட், அதாவது மலேசிய வெளிநாட்டு வணிக மேம்பாட்டுக் கழகம், 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பயணங்கள் நின்றுபோன ஆண்டில், 'இபிஸ்மேட்ச்' என்ற இயங்கலைச் சந்திப்பு முறையைக் கையாண்டது. வெளிநாடுகளிலுள்ள அதன் அலுவலகங்கள் வாங்குநரைத் தேடித்தர, உற்பத்தியாளர் தம் இடத்திலிருந்தே அவரோடு தனித்துப் பேசலாம். விமானச் செலவும் கண்காட்சிக் கூடத்தின் வாடகையும் விடுதிக் கட்டணமும் மட்டுமல்லாமல், அடுப்பை அணைத்துவிட்டுப் போகும் நாள்களின் இழப்பும் மிச்சமாவது, குடும்பமாகத் தொழில் நடத்துவோருக்கு மிகப் பெரிய வாய்ப்பாகும். ஈப்போவின் புந்தோங் பகுதியில் 'கச்சாங் பூத்தே' எனப்படும் கடலை, பயறு வகைகளையும் முறுக்கையும் தயாரிக்கும் இந்தியக் குடும்பங்கள் இத்தகைய தொழிலுக்கு அருகிலுள்ள நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் காணொலித் திரை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிந்தே அதன் முன் அமர வேண்டும். 1280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் உள்ள படத்தை நொடிக்கு 30 முறை அப்படியே அனுப்பினால், நொடிக்கு 660 மில்லியனுக்கும் மேற்பட்ட பிட்டுகள் தேவைப்படும். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் தகவலின் மிகச் சிறிய அலகு. இத்தனையையும் சில மில்லியன் பிட்டுகளுக்குள் சுருக்குவதற்கு அடித்தளமிட்ட முறைகளுள் ஒன்று, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974-இல் வெளியிட்ட 'தனிநிலைக் கொசைன் உருமாற்றம்' ஆகும். படத்தைச் சிறு சதுரங்களாக்கி, ஒவ்வொரு சதுரத்தையும் பருமனான, நுண்ணிய அலைவடிவங்களின் கூட்டாக எழுதி, கண் எளிதில் கவனிக்காத நுண்ணலைகளைக் கழித்துவிடுவதற்கு இம்முறை வழிசெய்கிறது. அதனோடு, முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் உத்தியும் சேர்ந்துகொள்கிறது.

முகம் பார்த்துப் பேசுவதற்கு இது நன்கு பொருந்தினாலும், பொருளை விற்பதற்கு இதில் ஓர் இடர் உண்டு. முறுக்கின் மேற்பரப்பிலுள்ள முள்முனை, கடலைத் தோலின் வரி, பொட்டலத்தின் பொடியெழுத்து ஆகிய யாவும் நுண்ணலைகளே ஆதலால், கை அசையும்போது முதலில் மங்குவன அவையே. எனவே வெற்றுத் துணியின்மீது பொருளை அசையாமல் வைத்து, ஒளி பக்கவாட்டில் விழச் செய்து, சில நொடிகள் காட்டுவதும், தெளிவான நிழற்படத்தை முன்கூட்டியே தனியாக அனுப்பிவிடுவதும் அறிவியல் முறைப்படி சரியான வழக்கங்களாகும்.

படத்தைவிடவும் குரல் முதன்மையானது. ஒருவர் பேசியது மற்றவரை 150 மில்லிநொடிக்குள் எட்டினால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், பினாங்கையும் சென்னையையும் இணைக்கும் வங்காள விரிகுடா நுழைவாயில் கடலடிக் கம்பி வழியே ஒரு சொல் கடலைக் கடக்க 20 மில்லிநொடி அளவே ஆகும். பேச்சு இடறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கடல் அன்று. பலர் பகிரும் வீட்டு வைஃபைதான். ஒரு கம்பி இணைப்பே இதைப் பெருமளவு சீராக்கிவிடும்.

மின்குறிகளை ஒளித்துடிப்பாகவும் ஒளித்துடிப்பை மீண்டும் மின்குறிகளாகவும் மாற்றும் ஒளிப் பரிமாற்றிகள் இன்றிக் கண்ணாடி இழைவழிப் பேச்சுப் போக்குவரத்து நிகழாது. அவற்றைச் செய்யும் ஃபினிசார் நிறுவனம் 2001-இல் ஈப்போவில் வாங்கிய ஆலை, செமோர் முகவரி கொண்ட கிந்தா தடையற்ற தொழிற்பேட்டையில் உள்ளது. கைமாறிய பின் அந்நிறுவனம் 2022 முதல் கோஹிரண்ட் என்ற பெயரில் இயங்குகிறது. உலகத்தின் பேச்சைச் சுமக்கும் கருவி உருவாகும் ஊரிலேயே, அருகிலுள்ள சிறுதொழிலரும் அப்பேச்சில் பங்குபெற வேண்டுமென விரும்புவது முற்றிலும் நியாயமானது.

எனினும் கடலையில் படியும் பூஞ்சையிலிருந்து தோன்றும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை எந்தக் காணொலிக் கேமராவும் காட்டாது. நேரடியாக உண்ணும் நிலக்கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமே இருக்கலாம் என ஐரோப்பிய ஒன்றியம் வரம்பிட்டுள்ளது. ஆஸ்திரேலியாவிலோ நிலக்கடலை கலந்திருப்பதைப் பொட்டலத்தில் அறிவிப்பது கட்டாயம். ஆகவே, ஆய்வறிக்கையும் மாதிரிப் பொட்டலமும் சந்திப்புக்கு முன்பே வாங்குநரை அடைந்திருக்க வேண்டும். அப்படி அடைந்திருந்தால், ஒரே தொகுதி எண் பொறித்த இரண்டு பொட்டலங்களைச் செமோரிலும் மெல்பர்னிலும் ஒரே வேளையில் பிரித்து, ஒரே கடலையைக் கடித்துக்கொண்டே இருவரும் விலை பேசலாம்.